ஜீப்பைத் துடைத்த துணி

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய் மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறவள் நான். வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். காலையில் செய்தித்தாளை விரித்தாரென்றால் வரி விளம்பரம் வரைக்கும் படித்துவிட்டுத்தான் மடிப்பார். இந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் இத்தனை காலம் எப்படிக் குப்பை கொட்டினார்கள் என்று மருமகள் அடிக்கடி கேட்பாள்.

திருப்பூர் மண்ணரையில் எங்களுக்கு ஒரு சின்ன பனியன் கம்பெனி இருக்கிறது. கீழே கட்டிங், மேலே தையல், பின்னால் செக்கிங்கும் பேக்கிங்கும். துணியைச் சாயப்பட்டறைக்குக் கொடுத்து வாங்கி, வெட்டி, பிரிண்ட் அடித்து, தைத்து அனுப்புவோம். அதை ஆரம்பித்த நாளிலிருந்து நடத்தியது நான்தான். வீட்டுக்காரர் அவிநாசிபாளையம் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். வீடும் அந்தத் தோட்டத்தில்தான். மகனுக்குக் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. தினமும் காரில் போய்விட்டு வருகிறான். பனியன் என்பது போட்டுக்கொள்கிற பொருள் என்பதற்கு மேல் அவனுக்கு அதில் அக்கறை கிடையாது. ஆனால் அவன் கட்டிக்கொண்டு வந்தவள் டெக்ஸ்டைல் படித்தவள். கல்யாணத்து மருதாணி கையை விட்டுப் போவதற்குள் கம்பெனிக்கு வந்துவிட்டாள். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்துபோகிற ஆள் வீட்டில் இரண்டாகிவிட்டோம் என்று அன்றைக்கு எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

அங்கேதான் வம்பும் வந்தது. ஒரு கம்பெனிக்குள் இரண்டு பேர் எழுந்து எழுந்து நடந்தால் வேலை செய்கிறவர்கள் யார் முகத்தைப் பார்ப்பார்கள்? அவள் கட்டிங் மாஸ்டரிடம் ஒன்று சொல்வாள். நான் அந்தப் பக்கம் போகிறபோது வேறொன்று சொல்லிவிட்டுப் போவேன். ஒருமுறை பாதி லாட் அவள் சொன்ன அளவிலும் மீதிப் பாதி நான் சொன்ன அளவிலும் வெட்டப்பட்டு மேஜை மேல் கிடந்தது. அவள் வீட்டுக்கு வந்து, எனக்குச் சோறு போட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்தாள்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. அடுத்து வர்ற கொழந்தைத் துணி ஆர்டரை முழுசா நானே பண்றனுங்க. அது ஷிப்மெண்ட் ஆகற வரைக்கும் நீங்க கம்பெனி கேட்டைத் தாண்டி உள்ள வரக்கூடாதுங்க."

"இல்லீன்னா?"

"கோயம்புத்தூர்ல ஒரு ஆபீஸ்ல கூப்பிட்டுட்டே இருக்கறாங்க. நான் அங்க போயிடறனுங்க. ஒரு ஸ்டீரிங்கை ரெண்டு பேர் புடிக்க முடியாதுங்கத்தை."

எனக்கு மூக்கு நுனி வரைக்கும் கோபம் வந்தது. நான் உருவாக்கிய இடத்துக்குள் நான் போகக்கூடாதாம். ஆனால் கோபத்துக்குக் கீழே பயம் இருந்தது, அதை மறைப்பானேன். அவள் போய்விட்டால் எனக்குப் பிறகு அந்த மெஷின்களை ஓட்ட ஆளில்லை. அதைவிட, அவளே போய்விடுவாள். அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கும். சரி என்று சொன்னேன். கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் நானே விலகிக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அலமாரியை ஒழித்தேன். ஒழித்த அலமாரியைத் திரும்ப அடுக்கினேன். வீட்டுக்காரர் பேப்பருக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நேரம் உக்காரேன்" என்றார். அவரைக் கடித்துக் குதறிவிட்டுக் கார் ஷெட்டுக்குப் போனேன். ஷெட்டின் கோடியில் தார்ப்பாய்க்கு அடியில் எங்கள் பழைய ஜீப் நின்றது.

வெட்டிய துணியை வீடு வீடாகத் தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் கம்பெனிக்கென்று வாங்கிய வண்டி. பஸ் போகாத இட்டேரி மண்தடத்திலெல்லாம் அதில் போயிருக்கிறேன். டெம்போ வந்த பிறகு அதை மூலையில் நிறுத்தினோம். இன்ஜினை மட்டும் வீட்டுக்காரர் அவ்வப்போது உயிர்ப்பித்து வைத்திருந்தார். பாடிதான் போயிருந்தது. தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு டிரைவர் பக்கத் தரையில் காலை வைத்தேன். தகடு அப்பளம்போல் உடைந்து, ஓட்டை வழியே பூமி தெரிந்தது. சரி, செய்வதற்கு வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

டிங்கரிங்கும் பெயிண்டிங்கும் இரண்டுமே பார்க்கிற ஒருவர் அவிநாசிபாளையத்தில் இருந்தார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வண்டியைச் சுற்றி வந்து சுத்தியலால் அங்கங்கே தட்டிப் பார்த்தார். "யம்மா, இதுல தகட விட பூசுன பட்டிதான் கூட இருக்கு. புதுசாவே ஒண்ணு வாங்கிரலாம்லா?" என்றார். வண்டி வேண்டும் என்று யார் சொன்னது, எனக்கு வேலை வேண்டும் என்று சொன்னேன். அவர் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் பேப்பரைத் திருப்பினார்.

அவர் தரைத்தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தார். பக்கவாட்டில் துருப்பிடித்த கீழ்ப்பாதியை அறுத்துவிட்டு அளவெடுத்து ஒட்டுப் போட்டார். மட்கார்டு நெளிவுகளைத் தட்டி எடுத்தார். என் பங்கு, பழைய பெயிண்டைச் சுரண்டுவது. சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, முகத்துக்குத் துண்டு கட்டிக்கொண்டு, வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேய்த்தேன். நீலத்துக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் ஒரு மஞ்சள், அதற்கடியில் செம்மண் நிறத்தில் பிரைமர் என்கிற அடிப்பூச்சு. கை நோகத் தேய்த்தேன். மனசு மட்டும் அங்கே இல்லை. இந்நேரம் துணி வந்திருக்குமா, பிரிண்டுக்குப் போயிருக்குமா, அந்த இரண்டாவது லைன் சூப்பர்வைசர் மறுபடியும் லீவு போட்டிருப்பானா. போன் அடிக்காமலேயே இடுப்பில் போன் அதிர்வதுபோல் இருக்கும். எடுத்துப் பார்த்தால் ஒன்றுமிருக்காது.

மருமகள் சாயங்காலம் வருவாள். வேலையைப் பற்றி மூச்சு விடமாட்டாள். நானும் கேட்கமாட்டேன். "ஜீப்பு எந்த அளவுல இருக்குதுங்கத்தை?" என்பாள். "உன்ற ஆர்டர் எந்த அளவுல இருக்குது?" என்ற கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்து திரும்பிப்போகும். அவளுடைய கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்ததைக் கவனித்தேன். என்னவோ ஓடுகிறது, நம்மிடம் சொல்லமாட்டேன் என்கிறாள் என்று எனக்குச் சோறு இறங்காது.

பிரைமர் அடிக்கிற கட்டம் வந்தபோது துடைப்பதற்குத் துணி தேவைப்பட்டது. பெயிண்டர் தன் பையிலிருந்து நைந்துபோன கைலித் துண்டு ஒன்றை எடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊர் உலகத்தில் இருக்கிற ஒர்க்ஷாப்புக்கெல்லாம் துடைக்கிற துணி போவது திருப்பூரிலிருந்து. பனியன் கம்பெனிக்காரி வீட்டு வண்டியைக் கைலியில் துடைப்பதா? எங்கள் வேன் டிரைவருக்குப் போன் செய்து, கம்பெனி வாசலில் வேஸ்ட்டுக்குப் போடுகிற துணிக்கட்டுகளில் ஒன்றைக் கொண்டுவந்து போடச் சொன்னேன். நான் கேட்டைத் தாண்டவில்லையே, துணிதானே தாண்டி வருகிறது.

கட்டைப் பிரித்ததும் எனக்குப் பகீரென்றது. வேஸ்ட் என்றால் ஓரத்துண்டும் நறுக்கும்தான் இருக்கும். இதில் இருந்தவை முழு முழு முன்பக்கத் துண்டுகள். குழந்தைகள் பனியனுக்கு வெட்டியவை, இளம்பச்சை நிறம், ஒரு பொட்டுக் கறை இல்லை. என்ன கொழுப்பு இது! தங்கமான பீஸையெல்லாம் தூக்கிக் குப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறாளே! போனைக் கையில் எடுத்துவிட்டேன். வீட்டுக்காரர், "வாக்குக் குடுத்திருக்கற" என்று மட்டும் சொன்னார். வைத்துவிட்டேன். அந்தத் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது. எங்கள் கம்பெனித் துணிக்கு அந்த வழவழப்புதான் அடையாளம். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் இது அந்தம்மா கம்பெனித் துணி என்று சொல்கிறவர்கள் உண்டு. கோபத்துக்கு நடுவிலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பானட்டில்தான் ஆரம்பித்தோம். தின்னரில் நனைத்த பச்சைத் துணியால் நான் அங்குலம் அங்குலமாகத் துடைத்தேன். கம்ப்ரசர் ஓடியது. பெயிண்டர் ஸ்பிரே கன்னைப் பிடித்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சீராக அடித்தார். ஈரம் மின்னுகிற வரைக்கும் அழகாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெயிண்ட் அங்கங்கே விலகி ஓடி, வட்ட வட்டமாகக் குழி விழுந்தது. அம்மை போட்ட முகம்போல் ஆகிவிட்டது பானட்.

"கம்ப்ரசர்ல எண்ணெ கக்குது போல" என்றார் பெயிண்டர். காய வைத்து, தேய்த்து எடுத்துவிட்டு, கம்ப்ரசரைக் கழுவி, புது ஃபில்டர் மாட்டித் திரும்ப அடித்தார். நான் முன்னைவிட நன்றாகத் துடைத்துக் கொடுத்தேன். குழி முன்னைவிட அதிகமாக விழுந்தது. தின்னர் சரியில்லை என்றார். மாற்றினோம். பட்டியில் ஈரம் என்றார். வெயிலில் காயப் போட்டோம். கடைசியில், "யாரு கண்ணு பட்டுச்சோ தெரியல, ஒரு பூசணிக்கா சுத்திப் போட்டுருங்கம்மா" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையும் கம்ப்ரசரையும் சேர்த்து வெளியே தள்ளியிருப்பேன். வேலை முடியாமல் தொங்குவது என்றால் எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும்.

அப்புறம் ஒரு கல்யாணத்துக்காகக் கணியூர் போகவேண்டி வந்தது. திரும்பி வந்து பார்த்தால் இடது பக்க மட்கார்டுக்கு பிரைமர் அடித்திருந்தது. கண்ணாடிபோல் இருந்தது. ஒரு குழி இல்லை. அதே கம்ப்ரசர், அதே தின்னர், அதே ஆள். மட்கார்டு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து யோசித்தேன். அன்றைக்கு இல்லாதது நான் ஒருத்திதான்.

"இத எதுல தொடைச்சீங்க?"

"நீங்க துணிய எங்க வச்சீயன்னு தெரியல. என் கைலியிலதாம்மா தொடச்சேன்."

பச்சைத் துணி ஒன்றை எடுத்து விரித்துப் பிடித்தேன். சொம்பிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டேன். பருத்தித் துணி தண்ணீரைக் குடிக்க வேண்டும். இது குடிக்கவில்லை. சொட்டு உருண்டையாக அப்படியே நின்றது. துணியைச் சாய்த்தேன், உருண்டு போய்த் தரையில் விழுந்தது. சாஃப்ட்னர். துணி மிருதுவாக வருவதற்குச் சாயப்பட்டறையில் கடைசியாகப் போடுகிற சிலிக்கான் எண்ணெய். தின்னர் பட்டதும் அது துணியிலிருந்து கிளம்பி பானட்டில் படிந்திருக்கிறது. நான் துடைக்கத் துடைக்கப் பூசிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அடுத்த நிமிடம் ஜீப் மறந்துபோனது. பெயிண்டே நிற்காத அளவுக்கு எண்ணெய் ஏறிய துணியில் பிரிண்ட் எப்படி நிற்கும்? இந்தத் துண்டுகள் நெஞ்சில் படம் அடிக்கிற முன்பக்கம். அடிக்கும்போது நன்றாகப் பிடித்த மாதிரிதான் இருக்கும். நாலு துவை துவைத்தால் படம் உரிந்து வரும். மீதித் துணியும் இதேதான் என்றால் முழு ஆர்டரும் திரும்பி வரும். அவள் தனியாகச் செய்கிற முதல் ஆர்டர்.

வீட்டுக்காரரிடம் ஓடினேன். "போன் பண்ணீரு" என்றார். பண்ணினேன், அவள் எடுக்கவில்லை. திரும்பப் பண்ணினேன், பிஸி. சொல்லாமல் இருந்தால் ஆர்டர் போச்சு. கேட்டுக்குப் போனால் வாக்குப் போச்சு, அவளும் போய்விடுவாள். ஹாலுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் நடந்து நடந்து செருப்பு தேய்ந்தது. மத்தியானச் சோறு ஆறிப்போனது. பெயிண்டர் கன்னைக் கழுவி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். போனாலும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொள்ளலாமே என்று ஒரு வழியாகத் தோன்றியது. காரை மகன் எடுத்துப் போயிருந்தான். எனக்கு முன்னால் நின்ற ஒரே வண்டி ஜீப்.

சீட் கழற்றியிருந்தது. அந்த ஜீப்பில் டிரைவர் சீட்டுக்கு அடியில்தான் பெட்ரோல் டேங்க். அதன் மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டு ஏறி உட்கார்ந்தேன். "யம்மா, பிரேக்க மூணு நாலு மட்டம் மிதிக்கணும், ஒரேயடியா நிக்காது!" என்று பெயிண்டர் கத்தியது கேட்டது. கதவில்லை, கண்ணாடியில்லை, பானட்டில் அம்மைத் தழும்பு. தாராபுரம் ரோட்டில் பஸ்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மரியாதையினால் இல்லை என்பது எனக்கே தெரியும்.

கம்பெனி கேட் பாதி திறந்திருந்தது. தூரத்திலேயே பிரேக்கை மிதிக்கத் தொடங்கினேன். ஜீப் யோசித்து யோசித்து வந்து, முன்சக்கரம் இரண்டும் கேட் ஓடுகிற இரும்புத் தண்டவாளத்தைத் தாண்டி உள்ளே போன பிறகுதான் நின்றது. வாட்ச்மேன் ஓடிவந்தார். புது ஆள், வடக்கத்திக்காரர், என்னைப் பார்த்ததில்லை. என் சட்டையையும் துண்டையும் வண்டியையும் பார்த்துவிட்டு, "வேஸ்ட் காடி? கல் ஆனா, கல்" என்றார். வேஸ்ட் எடுக்க வந்தவள் என்று நினைத்து நாளைக்கு வரச் சொல்கிறார். என் கம்பெனி வாசலில் எனக்கு! மேடத்தைச் சீக்கிரம் கூப்பிடச் சொல்லி, தையல் லைனில் கற்றுக்கொண்ட என் இந்தியை எடுத்துவிட்டேன். "மேடம் கோ புலாவ்! ஜல்தி!" மேல்மாடி ஜன்னல்களில் தையல் பெண்கள் எட்டிப்பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மருமகள் கழுத்தில் இஞ்ச் டேப்போடு வந்தாள். ஒரு கையில் போன். முதலில் என்னைப் பார்த்தாள், அப்புறம் குனிந்து சக்கரங்களைப் பார்த்தாள்.

"உள்ள வந்துட்டீங்களேங்கத்தை."

"வண்டிதான் வந்துச்சு. நான் டேங்க் மேல உக்காந்திருக்கறேன், டேங்க் வெளியதான் இருக்குது. அத உடு கண்ணு, இந்தத் துணியப் பாரு." பச்சைத் துணியை விரித்து பாட்டில் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினேன். "சாஃப்ட்னர் ஏறிக் கெடக்குது. பிரிண்ட் நிக்காது. நடக்கற பிரிண்டிங்கை இப்பவே நிறுத்தச் சொல்லு."

அவள் அந்தச் சொட்டு உருண்டு விழுவதைப் பார்த்தாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"இது நான் தள்ளுன பீஸுங்கத்தை. பிரிண்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ரெண்டு பீஸுல அடிச்சுத் தொவைச்சுப் பாத்தனுங்க. உரிஞ்சுது. வெட்டுனது அத்தனையும் ஓரங்கட்டிப்போட்டு வேற துணிய வெட்டக் குடுத்தாச்சுங்க. தள்ளுன கட்டு வாசல்ல கெடந்துச்சு. அதத்தான் வேன்காரரு உங்களுக்குக் கொண்டாந்து போட்டிருக்கறாரு."

நான் துணியை மடியில் வைத்துக்கொண்டேன். முதலில் அப்பாடா என்று இருந்தது. உடனே பெருமையாக இருந்தது. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது, ஏமாற்றம். தலைபோகிற காரியம் என்று சீட்டில்லாத வண்டியில் ஓடி வந்தேன். அந்தக் காரியம் நான் இல்லாமலேயே முடிந்துபோயிருந்தது. தங்கமான பீஸைக் குப்பையில் போடுகிறாள் என்று வேறு அவளை மனசுக்குள் திட்டித் தீர்த்திருந்தேன்.

"அப்பறம் என்ன, எல்லாம் சரியாப் போச்சல்ல" என்றேன்.

"சரியாப் போகலீங்க." அவள் ஜீப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த லாட்டுத் துணியும் இதே மாதிரித்தான் வந்திருக்குதுங்க. சாயப்பட்டறை டையிங் மாஸ்டர்கிட்ட எத்தன தடவ சொல்றது? நேரா நானே போயிச் சொன்னனுங்க. சரிங்க பாப்பாங்கறாரு, பழைய அளவையே போடறாரு. கேட்டா, இது அம்மா சொல்லி வெச்ச அளவு, அம்மா வந்து மாத்தச் சொல்லட்டும்ங்கறாரு."

எங்கள் துணியின் வழவழப்பு! கொஞ்சம் தூக்கலாகவே போடுங்கள், நான் சொல்கிற வரைக்கும் குறைக்காதீர்கள் என்று அவரிடம் சொன்னது நான்தான். அப்போது நாங்கள் பிரிண்ட் இல்லாத பிளெயின் பனியன் மட்டும் செய்துகொண்டிருந்தோம். அதற்கு அந்த அளவு சரி. அதை நான் எப்போதோ மறந்துவிட்டேன், அவர் மறக்கவில்லை. காலை வெளியே வைத்துக்கொண்டிருந்தேனே தவிர, இத்தனை நாளும் என் கை உள்ளேதான் இருந்திருக்கிறது.

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே சாமி?"

"கேட்டா என்ன பண்ணுவீங்க? வண்டியெடுத்துட்டு நேரா டையிங்குக்குப் போயி அவரச் சத்தம் போடுவீங்க. அவரும் கொறைப்பாரு. அடுத்த லாட்டுக்கு நீங்கதான மறுபடியும் போகோணும்?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "கோயம்புத்தூர்க்காரங்களுக்கு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லோணுங்க. காலைல இருந்து இந்தப் போனை வெச்சுட்டு நிக்கறனுங்க."

அவள் சொன்னது சரிதான். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கை கியருக்குப் போயிருந்தது. டையிங் எந்தப் பக்கம், எந்தச் சந்தில் போனால் சீக்கிரம் போகலாம் என்று கணக்குப் போட்டுவிட்டேன். கையை எடுத்தேன். அவள் டையிங் மாஸ்டரின் நம்பரை அழுத்திப் போனை என்னிடம் நீட்டினாள். என்ன பேச வேண்டும் என்று சொல்லவில்லை.

"வணக்கங்கம்மா! எத்தன நாளாச்சுங்க உங்க கொரலக் கேட்டு!" என்றார் மாஸ்டர். நல்ல மனிதர், நான் சொன்ன சொல்லைத் தட்டாதவர்.

சாஃப்ட்னரைப் பாதியாகக் குறையுங்கள் என்பதுதான் வாயில் வந்தது. பாதி வார்த்தை வெளியிலும் வந்துவிட்டது. அங்கேயே நிறுத்தினேன். அதுவும் என் அளவுதானே. இன்னும் பத்து வருஷத்துக்கு அவர் அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு தொங்குவார். மருமகள் என்னைப் பார்க்காமல் பானட்டின் குழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டருங்க, எவ்வளவு போடறதுன்னு இனிமே என்னையக் கேக்காதீங்க. அந்தப் புள்ள என்ன சொல்லுதோ அதுதானுங்க அளவு."

அந்தப் பக்கம் மெஷின் சத்தத்துக்கு நடுவில் மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "ஏனுங்கம்மா, ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?"

"ஒடம்பு கல்லாட்டம் இருக்குதுங்க."

"நாளைக்குத் துணி முரடா இருக்குதுன்னு நீங்க வந்து சத்தம் போடக்கூடாதுங்க."

"நான் வரலீங்க. சத்தம் போடறதுன்னா அவதான் போடுவா. என்னைய விடப் பலமாப் போடுவா, பயப்படாதீங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். கேட்டைத் தாண்டாமல் இத்தனை நாள் வீட்டில் கிடந்ததுகூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இல்லை. அவள் நாலடி தள்ளிப் போய் யாரிடமோ பேசினாள். "இல்லீங்க சார், வரமுடியாதுங்க... இல்லீங்க, இங்கயே இருக்கறனுங்க" என்றது என் காதில் விழுந்தது. நான் அழுதுவிடுவேனோ என்று பயந்து ஸ்டீரிங்கில் ஒட்டியிருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டினேன்.

பின்னால் ஹாரன் அடித்தது. துணி ஏற்றிய டெம்போ உள்ளே போக வழியில்லாமல் நின்றது. அவள் உள்ளே ஓடிப்போய், சாயமும் போடாத, சாஃப்ட்னரும் போடாத கோராத் துணியில் ஒரு கட்டைத் தூக்கி வந்து ஜீப்பின் பின்னால் போட்டாள். "இதுல தொடைங்க. கொஞ்சம் முரடாத்தான் இருக்கும்." பிறகு டெம்போவைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு என்னிடம் திரும்பினாள். "அத்தை, வண்டிய ரிவர்ஸ் எடுங்க. லோடு உள்ள வரோணும்."

ரிவர்ஸ் கியர் லேசில் விழாது அந்த வண்டியில். இரண்டு முறை கிரீச்சிட்டு மூன்றாவது முறை விழுந்தது. முன்சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறி வெளியே இறங்கியது. வாட்ச்மேன் எனக்கு சல்யூட் அடித்தார்.

மறுநாள் பானட்டைத் திரும்பத் தேய்த்து எடுத்து, கோராத் துணியால் துடைத்தேன். பெயிண்டர் அடித்தார். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு குழி விழவில்லை. விரலால் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். "யம்மா, காயுத வரைக்கும் தொடாதிய!" என்று அதட்டினார். பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, நான் உட்கார்ந்திருப்பதைத்தான் பானட்டைவிட அதிக நேரம் பார்த்தார். பேப்பரில் பாதியைக் கிழியாமல் பிரித்து என்னிடம் கொடுத்தார்.

இடுப்பில் போன் அதிர்ந்தது. இந்தமுறை நிஜமாகவே அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன், டையிங் மாஸ்டர். பழக்க தோஷம், பாவம். என்ன சந்தேகமோ, எந்த லாட்டோ. பச்சைப் பொத்தானுக்கு மேல் என் கட்டைவிரல் நின்றது. போனை ஸ்டூலுக்கு அடியில் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். அது அடித்து அடித்து ஓய்ந்தது. அப்புறம் அவளைக் கூப்பிட்டிருப்பார்.